ரெண்டு வட்டி என்றால் எத்தனை சதவீதம்?

சென்னையின் மீன்பிடித் துறைமுகப் பகுதியான காசிமேட்டில் மாலை ட்யூஷன் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் தனிவட்டி வந்தால், வட்டி என்றால் என்னவென்று விளக்கும் வேலை எனக்கு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளில் எந்த வீட்டில் எத்தனை வட்டிக்கு வாங்கினார்கள் என்பது பிள்ளைகள் காதுக்கு வந்துவிடும்.

சிக்கலும் அங்கேதான். எங்கள் பக்கம் 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். புத்தகத்தில் 2% என்றால் அது வருடத்துக்கு. அதனால் சூத்திரத்தை நான் முதலில் எழுதுவதில்லை. எந்த எண்ணையும் தனியாக எழுதாதே. பக்கத்திலேயே 'மாதம்', 'வருடம்', 'நாள்' என்று போடு என்கிறேன். ரெண்டு வட்டிக்குப் பக்கத்தில் 'மாதம்' இருந்தால், அதை 12-ஆல் பெருக்கி 24% ஆக்கக் கை தானாகப் போகும்.

பிறகு ஊர்க் கணக்கு. 20,000 ரூபாய், ரெண்டு வட்டி. ஏப்ரல் 15-ல் வாங்கி, தடை முடிந்து படகு கடலுக்குப் போய்வந்த பின் ஜூன் 27-ல் கட்டினால் வட்டி எவ்வளவு? வாங்கிய நாளை விட்டுவிட்டு, கட்டிய நாளைச் சேர்த்து எண்ண வேண்டும். ஏப்ரலில் 15, மே மாதம் 31, ஜூனில் 27. ஆக 73 நாள். 365-ல் அது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. ஒரு வருட வட்டி 4,800. அதில் ஐந்தில் ஒன்று 960. சூத்திரம் இல்லாமலே விடை வந்துவிட்டது. அதன்பின் அசல், காலம், வீதம் மூன்றையும் பெருக்கி 100-ஆல் வகுக்கும் சூத்திரத்தைக் காட்டினால், இதே வேலையின் சுருக்கம் அது என்று பிள்ளைக்குப் புரிகிறது.

தேர்வுக்கு ஒரு தந்திரம்: தேதி கொடுத்த கணக்குகளில் நாள் பெரும்பாலும் 73, 146, 219, 292 என்றுதான் வரும். 72 அல்லது 74 வந்தால் மேலே போகாமல் திரும்ப எண்ணச் சொல்லுங்கள். '5,000 ரூபாய் 6,200 ஆனது' என்று கேட்டால் முதலில் கழிக்க வேண்டும். 6,200 மொத்தத் தொகை, வட்டி 1,200தான். பாதிப் பேர் மதிப்பெண் இழப்பது இதில்தான்.

புத்தகத்தில் இல்லாத ஒரு கணக்கையும் போடுகிறேன். ஒரு பையன் வீட்டுத் தண்டல் (தினம் கட்டும் கடன்) அட்டையைக் கொண்டுவந்தான். நூறு கட்டம், பாதிக்கு மேல் பேனாக் கிறுக்கல். கடன் 10,000, கையில் கொடுத்தது 8,500, தினம் 100 ரூபாய், நூறு நாள். "ஆயிரத்து ஐநூறுதான மிஸ் புடிச்சிக்கினாங்க, பதினஞ்சு பர்சென்ட்" என்றான். பலகையில் போட்டோம். கைக்கு வந்த அசல் 8,500. வட்டி 1,500. காலம் 100 நாள். வீதம் வருடத்துக்கு 64 சதவீதத்தைத் தாண்டியது. வகுப்பு அமைதியானது. இன்னும் முடியவில்லை என்றேன். தினம் நூறு கட்டக் கட்ட அசல் குறைகிறது. நூறு நாளும் 8,500 அந்த வீட்டார் கையில் இல்லை, சராசரியாகப் பாதிதான் இருந்தது. அப்படியானால் உண்மை வீதம் ஏறக்குறைய இரட்டிப்பு, 120-க்கும் மேல். வங்கி நகைக்கடனோடு ஒப்பிட்டுப் பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டல் என்ற சொல்லும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் ஏழாம் வகுப்புப் பயிற்சிக் கணக்குகளில் இன்னும் வங்கியில் பணம் போடுகிறவர்களே அதிகம். ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன்: எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டி தொடங்கும் முன் ஒரு பீரியடை ஒதுக்கி, தண்டல் அட்டைக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள்.