பானைக்குள் ஒலி

மும்பையில் தாராவி. அங்கே ஒரு தமிழ்க் குடும்பம். மகனுக்குச் சினிமா ஆசை. படத்தில் மழை பெய்தால் முதுகுக்குப் பின்னாலும் சத்தம் கேட்க வேண்டும். கடையில் விலை அதிகம்.

"நாமே செய்யலாம் அம்மா" என்றான்.

கும்பார்வாடா குயவர்களிடம் இரண்டு பானை வாங்கினார்கள். பானை எதற்கு? ஸ்பீக்கரின் முன்னும் பின்னும் ஒலி வரும். இரண்டும் கலந்தால் கனத்த ஒலி குறையும். பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் பின் ஒலி உள்ளே அடங்கும்.

பிறகு லாமிங்டன் சாலைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு ஸ்பீக்கர் கொடுத்தார். மகன் பணத்தை எடுத்தான். அம்மா எழுத்தறிவு வகுப்பில் படிப்பவர். ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நம் வீட்டு ஸ்பீக்கரில் 8 இருக்கு. இதில் 4 போட்டிருக்கே?"

அது ஓம் கணக்கு. எண் குறைந்தால் ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை கூடும். சூடாகிக் கெட்டுப்போகலாம். மகன் 8 ஓம் ஸ்பீக்கர்களைக் கேட்டு வாங்கினான்.

வீட்டில் முதலில் பிளக்கைப் பிடுங்கினான். ஆம்ப்ளிஃபையரின் இடது சிவப்பு முனையை ஒரு ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் இணைத்தான். வலது சிவப்பு முனையை மற்றதன் பிளஸ்ஸில் இணைத்தான். இரண்டு மைனஸ்களையும் ஒன்றாகச் சேர்த்தான். கறுப்பு முனைகளில் புதிதாக எதையும் இணைக்கவில்லை.

படம் ஓடியது. பேச்சு இரு பக்கமும் ஒன்றுபோல் வரும். அதனால் அது முன்னாலேயே கேட்டது. மழை ஒலி பக்கத்துக்குப் பக்கம் மாறும். அந்த வேறுபாடு மட்டும் பின்னால் கேட்டது.

"நீ படித்த ஒரு எண், ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றியது அம்மா" என்றான் மகன்.

கேள்விகள்

1. பானை எதற்கு உதவியது?
2. அம்மா படித்த எண் எது?
3. உங்கள் வீட்டு ஸ்பீக்கரில் என்ன எண் இருக்கிறது?