மருந்துக்கு முன் ஒரு நிமிடம்



இருதய நோயாளிக்கு டிஜாக்சின் மாத்திரை கொடுக்குமுன், எங்கள் நர்ஸ் சகோதரி அவர் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் துடிப்பை எண்ணுகிறார். பெரியவர்களுக்கு அது 60-க்குக் குறைந்தால், மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டரை அழைப்பார். இருதயத்தைத் தாங்கும் இம்மருந்து, அளவு சற்று மிஞ்சினால் அதே இருதயத்தைத் தடுமாறச் செய்யும். அமியோடரோன் போன்ற மருந்து சேர்ந்தால், இரத்தத்தில் டிஜாக்சின் அளவு உயரும். ஆகவே நோயாளி வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

கொஞ்சத்தில் காட்டும் உண்மையைப்பற்றி நம் ஆண்டவர் போதித்ததை (லூக்கா 16:10) இந்த ஒரு நிமிடத்தில் நாங்கள் காண்கிறோம். இரவும் பகலும் விழித்திருக்கும் இச்சகோதரிகளை ஜெபத்தில் தாங்குங்கள். உங்கள் வீட்டில் இருதய நோயாளி இருந்தால், அவருடைய எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.