காப்பு முதல் சிறுதேர் வரை

பணியின் பொருட்டுத் தில்லி, மும்பை, கொல்கத்தா, நாகபுரி முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் ஓரிரு அறைகள் கொண்ட வீடுகளிலேயே குடியிருக்கின்றன. அத்தகைய வீட்டில் ஒரு குழந்தை பிறந்ததும் செலவுப் பட்டியல் நீளத் தொடங்குகிறது. மரத்தொட்டில், சுவரில் ஒட்டும் வண்ணத்தாள், பாடும் பொம்மை, உட்கார்ந்தபடியே உருண்டு செல்லும் வண்டி எனக் கடைத்தெரு பலவற்றைக் காட்டுகிறது. மாறுதல் ஆணை வந்துவிட்டால் அவற்றுள் பாதியை வந்த விலைக்கு விற்றுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். எவற்றை வாங்குவது, எவற்றை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே அமைத்துக்கொள்வது என்று சிந்திப்போர்க்குத் தமிழில் ஒரு பழைய வழிகாட்டி உண்டு. அது பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம்.

கடவுளையோ அரசனையோ குழந்தையாகக் கருதிப் பாடுவது பிள்ளைத்தமிழ். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் இவ்வகையில் முதல் நூலாகக் கருதப்படுகிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழு பருவங்களும் இருபாலார்க்கும் பொதுவானவை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன இவற்றுக்குப் பின் வரும். இது குழந்தை வளர்ப்பு நூல் அன்று. ஆயினும், குழந்தை எப்போது தலை நிமிர்த்தும், எப்போது கைகொட்டும், எப்போது நடந்து வரும் என்பதைக் கூர்ந்து பார்த்தவர்களே இந்த வரிசையை அமைத்திருக்க முடியும். அவ்வரிசையைப் பின்பற்றி வீட்டை ஒழுங்கு செய்தால், தேவைப்படும் பொருள் தேவைப்படும் காலத்தில் மட்டும் வீட்டிற்குள் வரும்.

முதலில் நிற்பது காப்பு. குழந்தையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டும் பருவம் இது. இன்றைய வீட்டில் காக்க வேண்டிய இடங்களைப் பெரியவர்கள் நின்று பார்த்தால் காண முடியாது. தரையில் அமர்ந்து, தவழும் குழந்தையின் கண்மட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். பூசை அலமாரியின் கீழ்த்தட்டில் கற்பூரம் இருக்கும். அதை விழுங்கும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையும் நஞ்சே. கைக்கடிகாரத்திலும் தொலைக்காட்சியை இயக்கும் கருவியிலும் உள்ள பொத்தான் வடிவ மின்கலம் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே புண் உண்டாக்கிவிடும். குளியலறை வாளியில் நாலு விரல் ஆழத்திற்கு நீர் இருந்தாலும் தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ இயலாது. எனவே பயன்படுத்திய வாளியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லார்க்கும் வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

வடநாட்டுக் குளிர், தெற்கிலிருந்து சென்றவர்களுக்குப் புதிது. குளிர் தாங்காமல் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உறங்குவோர் உண்டு. அவ்வடுப்பிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை அது எழுப்பாமலே கொன்றுவிடும். வட மாநிலங்களில் குளிர்காலந்தோறும் இவ்வாறு உயிரிழப்புகள் நேர்கின்றன. பச்சிளங்குழந்தை உறங்கும் அறையில் கரியடுப்பு எந்நிலையிலும் கூடாது. மெல்லிய ஆடைகளை அடுக்கடுக்காக அணிவிப்பதே போதிய வெப்பத்தைத் தரும்.

சுவரின் நிறமும் காப்பைச் சேர்ந்ததே. பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயம் கலந்திருந்தது. உதிர்ந்த பூச்சுத் தூள் தரையில் படிந்து, குழந்தையின் கைவழியே வாய்க்குச் செல்லும். வளரும் மூளையை அது கெடுக்கும். வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே பழைய குடியிருப்புகளில் சுவர் உதிர்ந்திருந்தால், அதை வெறுமனே சுரண்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்த பின்பே புதிய பூச்சு அடிக்க வேண்டும். செலவைக் குறைக்க விரும்புவோர் சுண்ணாம்பு அடிக்கலாம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகி வெண்மையாக ஒளிரும். இருண்ட அறை சற்று அகன்றதுபோலத் தோன்றும்.

ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. இப்பருவத்தில் குழந்தைக்கு வேண்டியது தரை. மெத்தை மிக மென்மையாக இருந்தால் கை அமிழ்ந்து, ஊன்றி எழ முடியாது. பாய்தான் ஏற்றது. திருநெல்வேலிப் பகுதியின் பத்தமடைப் பாய், தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையால் நெய்யப்படுவது. பவானியின் சமுக்காளம் கைத்தறியில் நெய்யப்படுவது. இவை ஊரிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மேற்கு வங்கத்தின் மேதினிபூர்ப் பகுதியில் நெய்யும் மாதுர் பாயும் நாணல் வகைப் புல்லால் ஆனதே. அந்தந்த ஊரில் கிடைக்கும் பாயை வாங்குவதே சிக்கனம். குளிர் மிகுந்த ஊர்களில் பாயின் மேல் ஒரு தடித்த விரிப்பு இட்டுக்கொள்ளலாம்.

தால் என்பது நாக்கு. நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு. இப்பருவத்திற்குரிய பொருள் பழம்புடவை என்று சொன்னால் மிகையாகாது. பலமுறை துவைத்து மென்மையான பருத்திப் புடவையைப் போலக் குழந்தையின் தோலுக்கு இதமான துணி கடையில் கிடைப்பது அரிது. அதைத் தூளியாகக் கட்டும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. தூளியில் கவனிக்க வேண்டியவை சில. அதற்கெனச் சுவர்க்கூரையில் பதித்த கொக்கியில் மட்டுமே கட்ட வேண்டும். மின்விசிறி தொங்கும் கொக்கியில் ஒருபோதும் கட்டக் கூடாது. துணி குழந்தையின் முகத்தை மூடாதபடி குறுக்கே ஒரு கம்பைச் செருக வேண்டும். தூளியில் உடல் வளைந்து, முகவாய் மார்பில் அழுந்த நேரிடும். ஆதலால் அருகில் ஒருவர் இருத்தல் வேண்டும். குழந்தை உறங்கியதும் சமதளமான பாயில் மல்லாந்து கிடத்துவதே நன்று. எழுந்து உட்காரக் கற்ற குழந்தைக்குத் தூளி ஆகாது.

வாடகை வீட்டில் கொக்கி இல்லை என்றால் புடவை வீணாகிவிடுவதில்லை. வங்காளத்தில் பழம்புடவைகளை அடுக்கி நூலோடித் தைப்பதைக் கந்தா என்கின்றனர். பீகாரில் அது சுசனி. பிறந்த குழந்தையைப் பழந்துணியால் தைத்த சுசனியில் கிடத்துவது அங்குள்ள மரபு. மகாராட்டிரத்தில் கோதடி, கருநாடகத்தில் கௌதி எனப் பெயர்கள் மாறுகின்றன. தையல் ஏறக்குறைய ஒன்றே. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள புடவையை நான்காக மடித்தால் ஏறத்தாழ 1.4 மீட்டர் நீளமுள்ள விரிப்பு கிடைக்கும். ஓரங்களைத் தைத்து, நான்கு விரல் இடைவெளியில் நேர்க்கோடாக நூலோட்டினால் போதும். பக்கத்து வீட்டு மராத்தியப் பாட்டியிடமோ வங்காளத்து அத்தையிடமோ இத்தையலைக் கேட்டுக் கற்பது எளிது. அப்பேச்சிலிருந்து அயலாரோடு உறவும் வளரும்.

சப்பாணி, முத்தம் என்னும் இரு பருவங்களுக்கும் எந்தப் பொருளும் தேவையில்லை. சப்பாணி என்பது கைகொட்டுதல். கைவீசுதல், சாய்ந்தாடுதல், உள்ளங்கையில் நண்டு ஊறச் செய்தல் ஆகிய ஆட்டங்களை அண்ணனும் அக்காளும் ஆட்டிவைத்தாலே போதும். வீட்டிற்கு வெளியே இந்தியோ மராத்தியோ ஒலிக்கும் ஊரில், தமிழ் குழந்தையின் செவிக்குச் செல்லும் முதன்மையான வழி இதுவே. கைப்பேசியில் ஓடும் பாட்டு இதற்கு ஈடாகாது. குழந்தை சிரித்தால் அது திரும்பச் சிரிப்பதில்லை. இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரைகளைக் காட்ட வேண்டாம் என்றே உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது.

வருகைப் பருவத்தில் குழந்தை தளர்நடை பயிலும். கடைகளில் விற்கும், நடுவில் இருக்கை அமைந்த உருளை வண்டியை வாங்காதிருப்பதே நன்று. அதில் அமர்ந்த குழந்தை நொடிப்பொழுதில் படிக்கட்டையோ அடுப்பையோ எட்டிவிடுகிறது. கனடா நாடு 2004இலேயே அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. தமிழகத்து மர நடைவண்டி வேறு. மூன்று சக்கரங்கள் பூண்ட அதைக் குழந்தை தன் காலால் நின்று தள்ளிச் செல்கிறது. வழவழப்பான ஓட்டுத் தரையில் வண்டி முந்தி ஓடாதிருக்கச் சக்கரங்களின் மேல் பழைய மிதிவண்டி இரப்பரை ஒட்டலாம்.

நடக்கத் தொடங்கிய குழந்தை எல்லாவற்றையும் எடுக்க விரும்பும். குழந்தையின் உயரத்திற்கு ஏற்ற தாழ்வான அலமாரியும் சிறு நாற்காலியும் வேண்டும் என்று வலியுறுத்தியவர் மரியா மாண்டிசோரி. 1907இல் உரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றிற்கு வந்த அவர், போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். அவர் கருத்தைப் பின்பற்ற விலையுயர்ந்த தட்டுமுட்டுப் பொருள்கள் தேவையில்லை. ஆப்பிள் வரும் மரப்பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கி, உப்புத்தாளால் தேய்த்து, பக்கவாட்டில் கிடத்தினால் ஒரு தாழ்வான அலமாரி ஆயத்தம். அதில் நான்கு பொருள்களை மட்டும் வைத்து, வாரந்தோறும் மாற்ற வேண்டும். நாற்பது பொம்மைகள் குவிந்த மூலையில் குழந்தை எதிலும் நிலைத்து விளையாடுவதில்லை.

அம்புலிக்குச் சன்னலோரம் போதும். மாடிவீட்டுச் சன்னலுக்குக் கம்பி இருப்பதை மட்டும் உறுதி செய்ய வேண்டும். சுவர்ப் படங்களுக்கும் ஒரு சொல்: அவற்றைப் பெரியவர்களின் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டால் குழந்தைக்கு அவை தெரியா. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பழைய நாட்காட்டிப் படங்களையும் உயிரெழுத்துகளை எழுதிய அட்டைகளையும் பசையால் ஒட்டலாம். ஆணி அடிக்க வீட்டுக்காரரின் இசைவு வேண்டியதில்லை.

சிறுபறைக்குச் சமையலறையே கடை. கவிழ்த்த கிண்ணமும் மரக்கரண்டியும் முழக்கத்திற்குக் குறைவு வைப்பதில்லை. புளியங்கொட்டையைப் புட்டியில் இட்டுக் கிலுகிலுப்பை செய்வதைப் பலர் பரிந்துரைப்பர். மூடி கழன்றால் கொட்டை மூச்சுக்குழலை அடைக்கும் என்பதால் அது மூன்று வயதுக்கு முன் வேண்டாம். நான்கு செ.மீ. விட்டமுள்ள தாள் குழாய்க்குள் முழுதும் நுழையும் எதையும் சிறு குழந்தையின் கைக்கு எட்டவிடக் கூடாது. பொம்மை வாங்கியே ஆக வேண்டுமெனில், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்க்க வேண்டும்; 2021 சனவரி முதல் அது கட்டாயம். கருநாடகத்தின் சென்னபட்டணம், ஆந்திரத்தின் எட்டிகொப்பாக்கா ஆகிய ஊர்களின் அரக்கு மெருகேற்றிய மரப்பொம்மைகள் பல ஆண்டுகள் உழைக்கும். தம்பிக்குப் பின் தங்கைக்கும் ஆகும்.

சிறுதேர் மிகப் பழையது. அரப்பா நாகரிகத்துக் களிமண் சிறுவண்டிகளைத் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் காணலாம். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரை பூட்டாமல் உருட்டிய முச்சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தில் வறியவரின் மகன், பக்கத்து வீட்டுப் பொற்றேரைப் பார்த்துவிட்டுத் தன் மண்தேரை வேண்டாமென்று அழுவான். தமிழகத்துச் சிற்றூர்களில் நுங்கு தின்ற பின் எஞ்சும் இரு கூந்தல்களைக் குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளி ஓட்டுவர். மும்பையில் அதே நுங்கு தாட்கோளா என்னும் பெயரில் கோடையில் விற்பனைக்கு வருகிறது. நுங்கு கிடைக்காத ஊரில் காலணிப் பெட்டியும் தடித்த அட்டைச் சக்கரங்களும் தேராகும். இழுகயிறு ஒரு சாண் நீளத்திற்குமேல் வேண்டாம்.

சொற்பொருள்

தளர்நடை – தள்ளாடி நடக்கும் நடை
அம்புலி – நிலவு
சிற்றில் – சிறுவர் மணலால் கட்டும் சிறுவீடு
கவைக்கோல் – நுனி இரண்டாகப் பிளந்த கோல்
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

அ. விடை எழுதுக
1. இருபாலார்க்கும் பொதுவான பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் யாவை?
2. கரியடுப்பை மூடிய அறையில் வைப்பது ஏன் தீங்கானது?
3. உருளை வண்டிக்கும் மர நடைவண்டிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

ஆ. பிரித்து எழுதுக
சிறுபறை, பொற்றேர், தாலாட்டு, பழம்புடவை

இ. செய்து பார்க்க
1. உங்கள் வீட்டுத் தரையில் அமர்ந்து, இரண்டடி உயரத்திற்குள் கைக்கு எட்டும் பொருள்களைப் பட்டியலிடுக. குழந்தைக்கு ஆகாதவற்றை மேலே எடுத்து வைக்கப் பெற்றோருக்கு உதவுக.
2. பழந்துணியில் தைக்கும் விரிப்புக்கு நீங்கள் வாழும் ஊரில் என்ன பெயர் என்று அயலாரிடம் கேட்டு, தைக்கும் முறையைத் தமிழில் பத்து வரிகளில் எழுதுக.