யார் மணியடிக்கலாம்?

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை அடித்தது கன்றைப் பறிகொடுத்த தாய்ப்பசு. வழியே போன வேறொருவர் அதற்காக மணியடித்திருந்தால் அரசன் கேட்டிருப்பானா? இன்றைய நீதிமன்றங்களிலும் முதலில் எழும் கேள்வி இதுதான்: "இதில் உமக்கு என்ன பாதிப்பு?" இதனைச் சட்டத்தில் 'லோக்கஸ் ஸ்டாண்டை', அதாவது வழக்காடும் தகுதி என்பர்.

இந்தியாவில் 1981ஆம் ஆண்டு எஸ்.பி. குப்தா வழக்கில் நீதிபதி பி.என். பகவதி இக்கதவை அகலத் திறந்தார். வறுமையாலும் இயலாமையாலும் நீதிமன்றம் வர முடியாதவர்களுக்காக நல்லெண்ணமுள்ள எவரும் வழக்காடலாம், கடிதம் எழுதினாலும் ஏற்கலாம் என்றார்.

நம் நாட்டில் கதவு அத்தனை அகலமில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக் குத்தகையை எதிர்த்த லிம் கிட் சியாங்கிற்கு வழக்காடும் தகுதி இல்லை என்று 1988இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் இருவர் அதற்கு உடன்படவில்லை. பின்னர் 2014இல், மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தண்ணீர்க் கட்டணம் தொடர்பான வழக்கில், கூட்டரசு நீதிமன்றம் விதியைத் தளர்த்தியது. அரசாங்க முடிவை நீதிமன்றம் மறு ஆய்வு செய்யக் கோருபவருக்கு அவ்விஷயத்தில் மெய்யான அக்கறை இருந்தால் போதும் என்றது. ஆனால் அந்த விண்ணப்பத்தை மூன்று மாதங்களுக்குள் செய்ய வேண்டும்.

ஆலய அன்பர்கள் அறிய வேண்டிய விதி இன்னொன்றும் உண்டு. பொது அறக்கட்டளைச் சொத்தில் நம்பிக்கை மோசடி நேர்ந்தால், 1956ஆம் ஆண்டின் அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, சட்டத்துறைத் தலைவர் வழக்குத் தொடுக்கலாம். அல்லது அந்த அறத்தில் அக்கறையுள்ள இருவரோ பலரோ அவருடைய எழுத்துபூர்வமான சம்மதத்துடன் தொடுக்கலாம். ஒருவர் தனியே போதாது. இன்னொருவர் துணை வேண்டும்.

தோட்டம் கைமாறுகிறது, லயத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள், கோயில் நிலத்திற்குச் சிக்கல் வருகிறது என்றால், "யாராவது கேட்பார்கள்" என்று நம்மவர் இருந்துவிடுவதுண்டு. அந்த 'யாராவது' முன்வந்தாலும், அவருக்குத் தகுதி உண்டா என்ற வாதத்திலேயே காலம் கரையும். லயத்தில் குடியிருக்கும் பாட்டி கைநாட்டு வைத்தாலும் அவரிடம் அந்தக் கேள்வி எழாது. ஆகவே பாதிக்கப்பட்டவர்களே முன்னிற்க வேண்டும். படித்தவர்கள் பின்னின்று எழுதித் தர வேண்டும். கடிதம், சம்பளச் சீட்டு, ரசீது, கூட்டக் குறிப்பு அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். கடிதம் கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். வசதியற்றோர் சிரம்பானிலுள்ள சட்ட உதவி இலாகாவிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

மணி தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கயிற்றை நாமே சேர்ந்து பிடிப்போம்.