மென்திறனுக்கு எப்படித் தரம் எழுதுவது?

2012-13இல் முப்பருவ முறை வந்தபோது தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று மதிப்பெண் போடுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. கல்வி இணைச் செயல்பாடுகளில் ‘வாழ்க்கைத் திறன்கள்’ என்ற இடத்துக்கு வரும்போதுதான் பேனா நின்றுவிடும். கடைசியில், வகுப்பில் எழுந்து பேசும் பிள்ளைகளுக்கு உயர்ந்த தரத்தையும் பேசாதவர்களுக்கு அடுத்த தரத்தையும் எழுதிவிடுவேன். நான் மதிப்பிட்டது குரலைத்தான்.

2022 மார்ச்சில் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கிய பிறகு மென்திறன் என்ற சொல் பெற்றோர் கூட்டம் வரை வந்துவிட்டது. ஆனால் ‘குழுவாக இயங்குதல்’ என்றால் என்ன என்று இரண்டு ஆசிரியர்களைக் கேளுங்கள், இரண்டு பதில் வரும்.

அனந்தபுரத்துப் பிள்ளைகளுக்குச் செஞ்சிக் கோட்டை பக்கத்து ஊர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியர் காலக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் உள்ளது இது ஒன்றுதான். அதையே ஒன்பதாம் வகுப்புக்குச் செயல்பாடாகக் கொடுத்தேன். முட்டி வலி உள்ள ஒரு பாட்டிக்கு இரண்டு மணி நேரத்தில் கோட்டையைக் காட்ட வேண்டும். நால்வர் சேர்ந்து திட்டமிடுங்கள்.

நானும் சமூக அறிவியல் ஆசிரியையும் தனித்தனியே மூன்றை மட்டும் கவனித்தோம். பிறர் சொன்னதைக் கேட்டுத் தன் யோசனையை மாற்றினாரா? தெரியாததைக் கேட்டாரா? ஏற்ற வேலையை முடித்தாரா? ‘தலைமைப்பண்பு உள்ளவர்’ என்றெல்லாம் எழுதக்கூடாது; மாணவர் செய்ததை, சொன்னதை மட்டுமே ஒரு வரியில் எழுத வேண்டும் என்று முடிவு செய்துகொண்டோம். நாற்பது பேரையும் ஒரே பாடவேளையில் பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு குழுக்கள்தான்.

ஒரு குழுவில் மூன்று பையன்கள் ராஜகிரி உச்சிக்கே பாட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான்காவது மாணவி வாயே திறக்கவில்லை. என் தாளில் அவளுக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஆசிரியையின் தாளில் மூன்று வரிகள் இருந்தன. அவள் ஒரு துண்டுத்தாளில் ‘கல்யாண மகாலும் களஞ்சியமும் போதும், படி ஏற வேண்டாம். குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும்?’ என்று எழுதி நகர்த்தியிருக்கிறாள். பையன்கள் அதைப் படித்துத் திட்டத்தையே மாற்றியிருக்கிறார்கள். பேச்சு வந்த பக்கமே நான் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தத் தாள் என் கண்ணில் படவில்லை.

பிறகு இருவர் தாள்களையும் ஒப்பிட்டோம். மூன்றாவது கேள்வியில் பெரும்பாலும் ஒத்துப்போனோம். முதல் கேள்வியில்தான் அதிக வேறுபாடு. அதை ‘பேச்சிலோ எழுத்திலோ செயலிலோ’ என்று சேர்த்துத் திருத்தினோம்.

ஒரே செயல்பாட்டை வைத்துத் தரம் எழுத எனக்கு இப்போது துணிவில்லை. பழகாத நால்வரோடு உட்கார வைத்தால் நன்றாகப் பேசும் பையன்கூட ஒடுங்கிவிடுகிறான். அடுத்த மாதம் குழுக்களை மாற்றி, பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் முறைப் பட்டியலைத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறோம். இந்த முறை துண்டுத்தாள்களையும் வாங்கி வைத்துக்கொள்வேன்.