தையல் பாடம்: வரிக் கிரேப்பை வெட்டுமுன்

ஒரு தீபாவளிக்கு மகளுக்குச் சுடிதார் தைக்க, கரோல்பாகில் வரியோடிய கிரேப் துணி வாங்கினேன். "சுருங்காது" என்றார் கடைக்காரர். நம்பி அன்றிரவே வெட்டிவிட்டேன். முதல் சலவையிலேயே கமீஸ் மார்பைப் பிடித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. சகோதரிகளுக்கு அத்தவறு நேராதிருக்கவே இந்தப் பாடம்.

துணியின் குணம்

கிரேப்பின் உயிர் முறுக்கில் இருக்கிறது. ஊடை நூலை மிக அதிகமாக முறுக்கி, இரண்டு இழை வலமுறுக்கு, இரண்டு இழை இடமுறுக்கு என்று மாற்றி மாற்றி நெய்வது வழக்கம். நனைந்ததும் முறுக்கு தளரப் பார்க்கும், நூல் நெளியும், துணியின் அகலம் குறையும். பாவு மெல்லியதாகவும் ஊடை பருமனாகவும் இருந்தால் குறுக்கே மேட்டு வரிகள் எழும். 'மரோக்கேன்' கிரேப் இவ்வகை. கேன்டன் கிரேப்பில் வரி இலேசாகத் தெரியும். பட்டு, ரேயான் கிரேப்புகள் அதிகம் சுருங்கும். சூட்டில் பதப்படுத்திய பாலியெஸ்டர் மிகக் குறைவாகவே சுருங்கும்.

ஒரு கணக்கு

மார்பளவு 32 அங்குலம், தளர்வு 4, ஆக 36. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்கினால் மிஞ்சுவது 32.4. வைத்த தளர்வு ஏறக்குறைய முழுவதும் போயிற்று! என் வீட்டில் நடந்தது இதுதான்.

செய்முறை

1. துணி ஓரத்தில் 10 செ.மீ. சதுரத் துண்டு வெட்டி, நனைத்து, நிழலில் உலர்த்தி மீண்டும் அளக்கவும். 9 செ.மீ. ஆனால் பத்தில் ஒரு பங்கு சுருக்கம். இதை எண்ணிச் சற்றுக் கூடுதலாகத் துணி வாங்கவும்.

2. சலவைக்குத் தாங்கும் துணியானால், முழுத்துணியையும் லைனிங்கையும் நனைத்து உலர்த்திய பிறகே வெட்டவும். பிழியவோ, கொடியில் இழுத்துக் கட்டவோ வேண்டாம்.

3. வெட்டும்போது துணியை இழுக்காமல் மேசைமேல் படரவிடவும். பக்கத் தையலில் முன், பின் வரிகள் நேருக்கு நேர் சேர வேண்டும்.

4. 11ஆம் எண் ஊசி போதும். நூல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தவும்.

5. பாவாடை, ஃபிளேர் ஆகியவற்றை ஓர் இரவு தொங்கவிட்டு, தொய்வு இறங்கிய பின் கீழ்மடிப்புத் தைக்கவும்.

6. தடித்த துவாலை விரித்து, துணியின் உட்புறத்தில் மிதமான சூட்டில் இஸ்திரி போடவும். அழுத்தினால் வரி படுத்துவிடும்.

ஒருநாள் பொறுத்தால் ஓராண்டு உடுத்தலாம். அடுத்த பாடத்தில் கிரேப்புக்கு லைனிங் வைக்கும் முறையைப் பார்ப்போம்.