சுழல் கலப்பையும் சங்கத்துச் சாவியும்

போத்தனூர் வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் களை அழிக்க மாடும் ஏரும் இன்று அரிதாகிவிட்டன. டிராக்டரின் பின்னே பூட்டப்படும் ரோட்டவேட்டர் என்னும் சுழல் கலப்பையே பெரும்பாலும் அவ்வேலையைச் செய்கிறது. சிறு குடியானவர் தனியே வாங்க இயலாத இக்கருவியைச் சங்கம் வாங்கி, அங்கத்தினர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவது நல்ல ஏற்பாடே. ஆயின், பலர் கையாளும் யந்திரத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பு ஒருவருக்கும் இல்லாமற் போவதுண்டு. அதைச் சுற்றிப் பலர் கூடி நிற்பதாலும் ஆபத்து நேர்கிறது.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், ரோட்டவேட்டருக்குப் பேரிங் மாற்றிய செலவு ஒரே ஆண்டில் மூன்று முறை எழுதப்பட்டிருந்தது. விளக்கம் கேட்க டிராக்டர் ஓட்டுநரை அழைத்தோம். அவருடைய இடக்கையில் மூன்று விரல்கள் இல்லை. தூக்கி நிறுத்திய கருவியின் கீழ் கைவிட்டு அவர் நார் அறுத்துக்கொண்டிருந்த வேளையில், வண்டியை நிழலுக்கு நகர்த்த எண்ணிய வேறொருவர் மேலே ஏறி நெம்புகோலைத் தொட்டுவிட்டாராம். “ஒரு நிமிஷ வேலைதானுங்களே என்று இஞ்சினை நிறுத்தாமல் விட்டேனுங்க” என்றார் அவர். பேரிங்கின் விலை கணக்கில் இருந்தது. விரல்களின் விலை எந்தப் பேரேட்டிலும் இல்லை.

பேரிங் அடிக்கடி கெடுவதற்கும் விரல்கள் போனதற்கும் காரணம் ஒன்றே. தோப்பில் கிடக்கும் தேங்காய் நாரும், சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகளும் சுழல் தண்டின் இரு முனைகளிலும் இறுகச் சுற்றிக்கொள்கின்றன. அவை எண்ணெய்க் காப்பு வளையத்தை அறுக்கின்றன. எண்ணெய் கசிகிறது, புழுதி உட்புகுகிறது, பேரிங் தேய்ந்து போகிறது. ஆதலின் நாரை அன்றன்றே அகற்றுவது இன்றியமையாதது. ஆனால் அவசரத்தில் அகற்றுவது ஆகாது.

டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிடத்திற்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9 சுற்றுச் சுழல்கிறது. அதன் குறுக்களவு 35 மில்லிமீட்டர். எனவே விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியை அது சுற்றி இழுத்துக்கொள்ளும். நமது நெசவாளர் பாடுபட்டு நெய்யும் நான்கு முழ வேட்டி முழுதும் உள்ளே போக இரண்டு விநாடி போதும். வேட்டியுடனும் தோள் துண்டுடனும் அருகே செல்லலாகாது என்பதும், தண்டின் மேல்மூடியைக் கழற்றி எறியலாகாது என்பதும் இதனாலேயே.

கைக்கொள்ள வேண்டிய முறை பின்வருமாறு:

1. சமதரையில் வண்டியை நிறுத்திக் கருவியைத் தரையில் இறக்குக. பி.டி.ஓ.வை விடுவித்து, கை பிரேக் போட்டு, இஞ்சினை நிறுத்துக. சாவி, சுத்தம் செய்பவர் பையில் இருத்தல் வேண்டும்.

2. சுழல் முற்றும் நின்ற பின்னரே நெருங்குக.

3. அடிப்பகுதியைக் காணவேண்டின், கருவியைத் தூக்கி, இஞ்சினை நிறுத்தி, வெளியே நின்றபடியே இருபுறமும் உறுதியான மரக்கட்டைகளைத் தள்ளி, அவற்றின்மேல் கருவியை இறக்கி அமர்த்துக. ஹைட்ராலிக் அழுத்தத்தை மட்டும் நம்பலாகாது. இஞ்சின் நின்றிருந்தாலும், நெம்புகோல் அசைந்தாலோ குழாய் கசிந்தாலோ கருவி இறங்கிவிடும்.

4. தோல் கையுறை அணிந்து, நாரை அரிவாளால் அறுத்துக் கொக்கியால் இழுக்கவும். ஒருவர் சுழலைத் திருப்பும்போது மற்றவர் கை உள்ளே இருக்கலாகாது.

5. பிளேடுகளின் போல்ட்டுகளை முடுக்கி, பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் அளவைப் பார்த்து, இணைப்புகளுக்குக் கிரீஸ் இடுக. பேரிங்கின் மீது வேகமாக நீர் பாய்ச்ச வேண்டாம்.

6. ரேடியேட்டர் வலையில் சேர்ந்த சருகை, அது ஆறிய பின்னரே துடைக்கவும். சூடாக இருக்கையில் மூடியைத் திறத்தலும், டீசல் அருகே பீடி புகைத்தலும் கூடா.

இவற்றுள் முதன்மையானது சாவியே. போத்தனூர் 1862-ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை கண்ட ஊர். ரெயில் பெட்டிகளின் அடியில் தொழிலாளர் இறங்குமுன் சிவப்புக் கொடி வைக்கப்படுவதை இவ்வூரார் அறிவர். வைத்தவரே அதனை அகற்ற வேண்டும். அதுவரை எவரும் வண்டியை அசைப்பதில்லை. நமது ஓட்டுநரின் பையிலுள்ள சாவியே அவருக்குச் சிவப்புக் கொடி.

மற்றொன்றும் கூறவேண்டும். ஓடிய மணிக்கு மட்டும் கூலி கொடுத்தால், துடைக்கும் நேரம் கூலியில்லா நேரமாகிறது. அவசரம் அங்கேதான் பிறக்கிறது. நாள்தோறும் சுத்தம் செய்யும் அரைமணியையும் வேலை நேரமாகக் கணக்கிட்டு, அதனைக் குறிக்க ஒரு பதிவேடும் வைத்தல் சங்கத்தின் கடமை. வாடகையில் இதற்காகச் சிறிது கூடினும், மூன்று பேரிங்கின் விலையை நினைத்து அங்கத்தினர்கள் மனமுவந்து ஏற்பார்களாக.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இவ்விரு வினாக்களுக்கு விடை காணுமாறு வேண்டுகிறோம்: யந்திரத்தைத் துடைக்கும்போது சாவி யாரிடம் இருக்கிறது? துடைக்கும் நேரத்திற்குக் கூலி உண்டா?